அத்தை காலும் என் தேர்வும்

நான் விடியற்காலையில் எழுந்து படிக்கிற ஆள் இல்லை. அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, விரித்த புத்தகத்தின் மேலேயே மறுபடி தூங்கியவர்கள் எங்கள் பயிற்சி மையத்தில் நிறையப் பேர். தூக்கம் முக்கியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை தேர்வு எழுதப்போகும் உங்களுக்காக, நான் படித்த முறையை மறைக்காமல் எழுதித் தரச் சொல்லி ஆதவன் சார் கேட்டிருக்கிறார். வேங்கிக்காலில் அவர் நடத்தும் மையத்தில்தான் நானும் பெஞ்சைத் தேய்த்தேன். "மினுக்கு வேணாம்மா, உண்மைய எழுது, பசங்களுக்கு உதவும்" என்றார். உண்மையைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கவிநிலா. ஊர் அடி அண்ணாமலை. உங்களைப் போலவே நானும் பனி கொட்டுகிற ஒரு தேசத்துக்குப் போய் மருத்துவம் படித்துவிட்டு வந்தவள். அங்கே வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓர் ஊசி போட முடியாது. முதலில் உரிமத் தேர்வில் தேற வேண்டும். முந்நூறு கேள்வி, பாதி சரியாக இருந்தால் போதும். அந்தப் பாதி எனக்கு மூன்று முறை கிடைக்கவில்லை. நான் வந்து இறங்கிய வாரமே அப்பா 'டாக்டர் கவிநிலா' என்று பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டார். முதல் முடிவு வந்ததும் அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடினார். கிரிவலம் வருகிறவர்கள் உள்ளே ஏதோ சாமி படம் இருப்பதாக நினைத்து அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனதும் உண்டு.

படிக்கும் முறைகளில் நான் கைவைக்காதது கிடையாது. இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வு எனக்கு நன்றாகவே வந்தது. கண்ணாடி முன் நின்று பாடம் நடத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்குள் இருந்தவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாடத்தை ஓர் இடத்தோடு முடிச்சுப் போட்டால் மறக்காது என்று ஒரு வீடியோவில் கேட்டு, மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கத்துக்கும் ஆளுக்கொரு பாடம் ஒதுக்கினேன். எம லிங்கத்தில் பிரேதப் பரிசோதனை, வாயு லிங்கத்தில் நுரையீரல், குபேர லிங்கத்தில் மகப்பேறு. தேர்வு அறையில் கண்ணை மூடிக் குபேர லிங்கத்துக்குப் போய்ப் பார்த்தால், அங்கே வரிசையில் முட்டி மோதும் கூட்டம்தான் தெரிந்தது, கருப்பை தெரியவில்லை. அந்த முறை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். குறை என் மண்டையில் இல்லை. நான் எந்த நோயையும் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தத் தேசத்து ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலைச் சுற்றி நாற்பது பேர் நிற்போம்; நோயாளி அவர் மொழியில் முனகுவார்; எனக்கு முன்னால் நிற்பவனின் முதுகு மட்டும் தெரியும். கண்ணால் பார்த்த எதையும் நான் மறந்தவள் இல்லை. ஆகவே எனக்குத் தோதான முறை, ஒரு நோயைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. ஆஸ்பத்திரிகளில் இதற்கு வசதி போதாது. அங்கே பாதியிலேயே குணப்படுத்திவிடுகிறார்கள்.

வீட்டில் அந்த வசதி இருந்தது. அப்பாவின் அக்கா ஜோதியம்மாள், என் அத்தை, மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். அவள் மகன் மணி ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஆட்டோ ஓட்டுகிறான். அம்மா கழனிக்குப் போன நேரமெல்லாம் எனக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்தது அத்தைதான். இப்போதும் நான் புத்தகத்தைத் திறந்தால் கேட்காமலே டீ வரும். அவளுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தார்.

நான் மூன்றாம் முறை தோற்றதும் அத்தை ஒரு வேண்டுதல் வைத்தாள். "நீ பாஸாவுற வரிக்கும் மாசாமாசம் பௌர்ணமிக்குச் செருப்பு இல்லாம மலைய சுத்தி வரேன்னு வேண்டிக்கினேன்டி" என்றாள். ஆவணிப் பௌர்ணமிக்குக் கூட்டத்துக்குப் பயந்து பகலிலேயே கிளம்பினாள். மழையில்லாத வருடம், தார் ரோடு கொதித்தது. திரும்பி வந்தபோது வலது உள்ளங்காலில் கொப்புளம். "அவனவன் துள்ளித் துள்ளி ஓடறான், எனக்குச் சூடே தெரியல. அண்ணாமலையார் குளிர்ச்சியா வச்சிக்கினாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

சர்க்கரையில் கால் நரம்பு செத்துப்போனால் சூடு தெரியாது. பழைய வினாத்தாளில் வந்த கேள்வி, நான் தவறாக எழுதியது. அன்றைக்குத்தான் சரியான விடை மனதில் பதிந்தது. அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவர்களுடைய பக்தியில் நான் தலையிடுவதில்லை.

இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். போலி டாக்டர் என்று போட்டோவோடு பேப்பரில் வந்துவிடும். இதில் நான் கறார். எதிர்வீட்டு முருகையன் மாமா காய்ச்சலோடு வந்து நின்றபோதுகூட, நாக்கை நீட்டாதீர்கள் மாமா, நான் பார்க்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினேன். 'ஆஸ்பத்திரிக்குப் போ' என்று சொல்ல உரிமம் எதற்கு என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் போ என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்வதும் வைத்தியம்தான்.

கொப்புளம் உடைந்து புண்ணானது. சர்க்கரைக் கால்புண்ணுக்குப் பாடத்தில் நிலைகள் உண்டு. தோலோடு நின்றால் ஒன்று, ஆழமாகித் தசைநார் தெரிந்தால் இரண்டு, சீழ் வைத்து எலும்பைத் தொட்டால் மூன்று, விரல்கள் கறுத்தால் நான்கு, பாதமே கறுத்தால் ஐந்து. புத்தகத்தில் நாலே வரி, அதை நான் எத்தனை முறை குழப்பியிருக்கிறேன் என்று ஆதவன் சாரைக் கேளுங்கள். இப்போது சாயங்காலமானால் அத்தை கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு மஞ்சள் குழைத்துப் பூசுவாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவேன். பௌர்ணமி வரும், அவள் சுற்றிவிட்டு வருவாள், புண் அடுத்த நிலைக்குப் போயிருக்கும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பாடம் நிற்கும் என்கிறார்கள். அதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது.

எங்கள் படிப்புக் குழுவில் தினமும் ஒருவர் படம் போட்டுக் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. என் முறை வந்தபோது அத்தையின் காலைப் படம் பிடித்துப் போட்டேன். செழியன் இரண்டாம் நிலை என்றான். பூஜா மூன்று என்றாள். அதுதான் சரி, அவளுக்குக் கைதட்டல் குவிந்தது. யாருடைய கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல குழு என்றால் அதுதான், பாடத்தை விட்டு வெளியே போகவே போகாது. உங்களுக்கும் அப்படி ஒரு குழு அமைய வேண்டும்.

ஐப்பசியில் அத்தையே என்னிடம் கேட்டாள். "கவி, இது ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரியாடி? நாத்தம் ஜாஸ்தியா கீது."

"எனக்கு இன்னும் லைசென்ஸ் வரல அத்தை. நான் எதுவும் சொல்லக் கூடாது."

அத்தை சிரித்தாள். "சரி, அப்ப நீ பாஸாயிட்டு வந்து பாரு. ஊட்லயே டாக்டர வச்சிக்கினு வேற ஒருத்தன் முன்னாடி இன்னாத்துக்குக் கால நீட்டறது? உன் மொத கேஸு நாந்தான், சொல்லிட்டேன்."

இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறவளுக்காகவாவது இந்த முறை தேறியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அந்தக் காலை இன்னும் கவனமாகப் படித்தேன்.

தீபம் முடிந்து வெளியூர்க் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மணி வீட்டுக்கு வந்தான். தீபத்தின்போது ஆட்டோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான். "இன்னாம்மா இது, இப்டி வச்சிக்கினு கீற? ஏறு ஆட்டோவுல, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்" என்றான். வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வந்து நின்றான். அத்தை என்னைப் பார்த்தாள். அவனும் என்னைப் பார்த்தான். "நீ சொல்லு கவி. போலாமா, வேணாமா?"

அப்போது மூன்றாம் நிலை முடிகிற தறுவாய். சுண்டுவிரல் ஓரத்தில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. நான்காம் நிலையை நான் பார்த்ததில்லை, தேர்வும் நெருங்கிவிட்டது.

"ஆறிக்கினுதான் வருது மணி. இப்ப அலைய வச்சா ஜாஸ்தியாயிடும். பரிட்சை முடியட்டும், நானே இட்டுனு போறேன்" என்றேன்.

அவன் போய் வண்டியை அணைத்தான். "டாக்டரே சொல்லிட்ட, அப்புறம் இன்னா" என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினான். டீ போட்டது அத்தைதான், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று.

இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு ஒன்று உண்டென்றால் அது இதுதான். உரிமம் கையில் இல்லாமல் ஒரு நோயாளியைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டேன். அதுவும் தவறான கருத்து. இன்றுவரை உறுத்துகிறது. நீங்கள் யாரும் இப்படிச் செய்துவிடாதீர்கள், பிறகு மருத்துவராகப் பெயரைப் பதிவு செய்யும்போது சிக்கல் வரும்.

தேர்வில் கால்புண் படம் வந்தது. விரல்கள் கறுத்து, ஓரம் சுருங்கி, அப்படியே அத்தையின் கால். கொடுத்திருந்த விடைகளைப் படிக்காமலே நான்கு என்று குறித்தேன். நூற்றைம்பது வேண்டிய இடத்தில் எனக்கு நூற்றைம்பத்தொன்று வந்தது. அந்த ஒரு கேள்வி இல்லாமலும் தேறியிருப்பாயே என்று நீங்கள் கணக்குச் சொல்லலாம். முடிவு வந்த பிறகு யார் வேண்டுமானாலும் கணக்குச் சொல்லலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல் என்பது தெம்பு.

மணியிடம் சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றினேன். தேர்வு முடிந்த மறுநாளே அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதற்குள் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, ஆள் தெரியாமல் பேச ஆரம்பித்திருந்தாள். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். சரியான விடை. நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

முடிவு வந்த அன்று அப்பா பலகையிலிருந்து வேட்டியை எடுத்தார். மணி எனக்கு ஸ்டெதஸ்கோப் வாங்கி வந்தான். அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "சாமி கால காணிக்கையா எடுத்துக்கினு உன்ன பாஸ் பண்ணி வுட்டாரு. போனா போவுது. அந்த ஒண்ண வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்" என்றாள். எல்லாரும் அழுதோம். நான்தான் அதிகம் அழுதேன்.

இப்போது அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். பெயரும் பதிவாகிவிட்டது, யாருக்கு வேண்டுமானாலும் எந்த நோயின் பெயரையும் சொல்லலாம். அத்தை ஊன்றுகோல் வைத்து வீட்டுக்குள் நடக்கிறாள், முழு பாரமும் இடது காலில். போன வாரம் அந்தக் குதிகாலில் ஒரு கொப்புளம் பார்த்தேன். வலி இல்லை என்றாள். சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தால் பாசம் கண்ணை மறைக்கும் என்று எங்கள் பெரிய டாக்டர்கள் சொல்வார்கள், அதனால் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நிலை ஒன்றைத்தான் நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது.