நிற்கச் சொன்னவர்

ராத்திரி ஒன்பதரை மணி. பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து மேற்கே போகிற ரோடு. அந்தக் காலத்தில் ரோடு என்று பேர்தான்... இரண்டு வண்டித் தடம், நடுவில் புல். இரு பக்கமும் புளியமரம். நிலா இருந்தாலும் தரைக்கு வராது. அன்றைக்கு நிலாவும் இல்லை. புதன்கிழமை.

சைக்கிளில் ஒரே ஓர் ஆள் வருகிறார். முன்னால் சின்ன எண்ணெய் விளக்கு. பின்னால் மரப்பெட்டி ஒன்று. ரயிலில் ஆஸ்பத்திரிக்கு வந்த பஞ்சும் டிஞ்சரும். ஆள் பேர் குப்புராஜ். சர்க்கார் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது புண் கழுவிக் கட்டுப் போடுகிறவர். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து ஆறு மைல், அது போதும். நம் மாதுவின் மாமியாருக்கு இவர் பெரியப்பா முறை. மாது இங்கேதான் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறான். பொய் இருந்தால் அவனே சொல்லட்டும். அவனுக்காகத்தான் வந்தார், போனார் என்று மரியாதை வைத்துச் சொல்வது. இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு 'அவன்' என்பதே அதிகம்.

பாதி வழியில் பின்னால் சத்தம் கேட்டது.

டக்... டக்... டொக்.

இரண்டு பூட்ஸ். ஒரு தடி. அவசரமே இல்லாத நடை. குப்புராஜ் மிதியை அழுத்தினார். சைக்கிள் பறந்தது. பின்னால் நடை வேகமாகவில்லை... ஆனால் தூரமும் கூடவில்லை.

அப்புறம் வாடை வந்தது. முதலில் ஸ்பிரிட். பெட்டியில் பாட்டில் உடைந்துவிட்டதோ என்று நினைத்தார். இல்லை, ஸ்பிரிட்டுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. சீழ். இருபது வருஷம் புண் கழுவின மூக்கு அது, ஏமாறாது. தொடைப் புண். பத்து நாளாகக் கட்டு மாற்றாதது.

அவருக்கு யார் புண் என்றும் தெரிந்துவிட்டது.

சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஆடியது. விழாமலிருக்க ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. வலது பக்கம், ஒரு முழ தூரம். மூச்சுச் சத்தம் இல்லை. காதோரம் ஒரே வார்த்தை.

"நில்லு."

ஊன்றிய கால் எழவில்லை. மற்றக் கால் தானாக இறங்கி அதன் பக்கத்தில் சேர்ந்தது. சைக்கிள் சரிந்து விழுந்து விளக்கு அணைந்தது. கோழி கூப்பிட்டு, கிழக்கு வெளுத்து, ஸ்டேஷனுக்குப் போகிற முதல் மாட்டுவண்டி வரும்வரை குப்புராஜ் அந்த இடத்திலேயே நின்றார். வண்டிக்காரன் கேட்டதற்குக் கால் மரத்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

என்ன நடந்தது என்றால்...

அது நாற்பத்தாறாம் வருஷம். யுத்தம் முடிந்து பட்டாளத்து ஆட்கள் திரும்பி வந்த நேரம். நம் பக்கத்திலிருந்து போனவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. கை போனவன், காது போனவன், பர்மாக் காய்ச்சலில் மஞ்சளாகிப் போனவன். இவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தனிக் கவனம் என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்திருந்தது. அதில் 'தனி' என்பது மட்டும் நடந்தது. புதன்கிழமை ஒரு நாள், அதுவும் பின்கட்டு முற்றத்தில், மற்ற எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு. குண்டு பட்டவனுக்கும் வயிற்றுக் கடுப்புக்காரனுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர்தான் மருந்து. டாக்டர் வாரத்தில் நாலு நாள் முகாம் போய்விடுவார். அப்போது குப்புராஜ்தான் டாக்டர், அவர்தான் கலெக்டர், அவர்தான் கடவுள். முன்கட்டில் பெஞ்சு உண்டு. பின்கட்டில் கிடையாது. ஒருத்தர் கேட்டதற்கு, "பட்டாளத்துக்காரன் நின்னு பழகினவன். அவனுக்கு எதுக்குய்யா பெஞ்சு?" என்றாராம். கேட்டவர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பிறகு கிடைத்தது என்று வையுங்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை, பங்குனி வெயிலில், மலையடிவாரத்து ஊரிலிருந்து வேடியப்பன் வந்தான். இருபத்தெட்டு வயது. பர்மாவில் ரோடு போடப் போன பட்டாளம். தொடையில் இரும்புத் துண்டு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புண் திறந்துகொள்ளும். கூடவே காய்ச்சல். அவன் சம்சாரம் சின்னபொண்ணு புளி தட்டக் கூலிக்குப் போயிருந்தாள். தடியை ஊன்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்பி, பட்டாளத்து பூட்ஸோடு எட்டு மைல் தனியாகவே நடந்து வந்தான்.

நின்று நின்று பார்த்துவிட்டு, தலை சுற்றவே, முன்கட்டுப் பெஞ்சில் வந்து ஓரமாக உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். குப்புராஜ் அப்போது அவசரத்தில் இருந்தார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மாமியாருக்கு முதுகில் கட்டி. வீட்டுக்கே போய்க் கீறிவிட வேண்டும், விருந்து வேறு இருந்தது. பெஞ்சில் இவனைப் பார்த்ததும் சுள்ளென்று வந்துவிட்டது. பின்கட்டு முற்றத்துக்குக் கூட்டிப் போய், நடு வெயிலில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்கியே நில்லு. நான் வந்து சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

வேடியப்பன் குதிகால் இரண்டையும் சேர்த்து, தடியை அக்குளில் கொடுத்து, விறைப்பாக நின்று சலாம் வைத்தான். குப்புராஜுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தோட்டி முனியப்பனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

போனவர் கட்டியைக் கீறினார். கறிச்சோறு தின்றார். வெற்றிலை போட்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்தும்விட்டார். இவனைச் சுத்தமாக மறந்தே போனார்.

முனியப்பன் இரண்டு தடவை போய் நிழலுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினான். அவன் வரவில்லை. வெறும் ஆளாயிருந்தால் திட்டிவிட்டு வேப்பமர நிழலில் போய்ப் படுத்திருப்பான். பட்டாளத்தில் ஆறு வருஷம் இருந்தவன். காவலுக்கு நிறுத்தினால், நிறுத்தினவர் வந்து எடுக்கிற வரைக்கும் செத்தாலும் நகரக் கூடாது என்று ரத்தத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"ஆர்டர் அண்ணா. குடுத்தவருதான் எடுக்கோணும்" என்று மட்டும் சொன்னானாம்.

குப்புராஜ் வந்தபோது மணி நாலரை. வேடியப்பன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்திருந்தது. தோளைத் தொட்டார். நின்ற வாக்கிலேயே, வெட்டின மரமாக விழுந்தான்.

டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இருட்டும்வரை கிடங்கில் போட்டுப் பூட்டி வைத்தார். முனியப்பனிடம், வாயைத் திறந்தால் உன் பிழைப்பு போச்சு என்றார். இரண்டு பேருமாக வண்டியில் ஏற்றி, பொம்மிடி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். கிடத்திவிட்டுக் குப்புராஜ் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் ஒரு பாட்டில் எடுத்துப் போயிருந்தார். அதை அவன் சட்டையில் ஊற்றினார்.

மறுநாள் ஊரே சொன்னது, குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று. வெளியில் செத்த உடம்பை ஊருக்குள் எடுத்துவரக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அதிலும் குடித்துச் செத்தவன். வாசப்படி மிதிக்காமல், ரோட்டோரத்திலிருந்தே எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். பங்காளிகளில் பாதிப் பேர் மண் போடக்கூட வரவில்லை.

சின்னபொண்ணுக்குத் தெரியும், அவன் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு நேராக வந்தாள். அழவில்லை. புளி தட்டித் தட்டிக் கறுத்துப்போன கைகளைக் கூப்பி, வேறு ஒன்றும் வேண்டாம், அவர் இங்கே வந்தார் என்ற ஒரு வார்த்தையை மட்டும் ஊராரிடம் சொல்லுங்கள் என்று கேட்டாள். குப்புராஜ் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார், அப்படி ஓர் ஆள் இங்கே வரவே இல்லை என்று. முனியப்பன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினான்.

அவள் கூப்பின கைகளை இறக்கினாள்.

"சரிங்கய்யா. அப்ப இன்னும் வரலைன்னு அர்த்தம். வருவாருங்க" என்றாள். போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமைதான் அந்த ரோட்டுச் சம்பவம்.

ஒரு ராத்திரியோடு விட்டதா? இல்லை. அன்றிலிருந்து குப்புராஜால் உட்கார முடியவில்லை. நடக்கலாம், நிற்கலாம். குனிந்து நாற்காலியில் உட்காரப் போனால் காதோரம் டொக் என்று தடி ஊன்றும் சத்தம்... அவ்வளவுதான், முழங்கால் இரும்பாகிவிடும். சோறு நின்றபடி. தூக்கம் சுவரில் சாய்ந்தபடி. படுக்க வைத்துக் கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள் வீட்டில். ஊளையிட்ட ஊளையில் தெருவே எழுந்துவிட்டது. கால் இரண்டும் வீங்கித் தோல் பளபளவென்று ஆகி, பிறகு தொடையில் ஒரு கொப்புளம் கிளம்பி உடைந்தது. தன் புண்ணைத் தானே கழுவினார். டாக்டர் பார்த்துவிட்டு, சிவப்புத் தண்ணீரை எழுதிக் கொடுத்தார்.

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அந்த ஆள் வாசல்வரை வந்து, குப்புராஜுக்கு வலது பக்கம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். கும்பிட்டார். காணிக்கைகூட வாங்காமல் திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் முனியப்பன்தான் வாயைத் திறந்தான்.

"சாமி, ஆர்டர் குடுத்தவருதான் எடுக்கோணுமாம். அன்னிக்கே சொல்லிச்சு அந்தப் புள்ள. போய் எடுத்து வுட்டுடுங்க."

அன்றைக்கே புளியமரத்தடிக்குப் போனார் குப்புராஜ். ஆளில்லாத ரோட்டில் நின்று, போகலாம், போகலாம் என்று தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் தடி அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவன் சம்சாரத்திடமே, வரவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வராத ஆளை எப்படிப் போகச் சொல்வது?

நாலாவது புதன்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பி, மலையடிவாரத்து ஊருக்கு நடந்து போனார். வீங்கின காலோடு எட்டு மைல். வழி முழுக்கக் கூடவே டக்... டக்... டொக். போய்ச் சேர ராத்திரியாகிவிட்டது. சின்னபொண்ணு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் சிமினி விளக்கோடு வந்தாள். நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டன. அக்கம்பக்கத்தார், மண் போட வராத பங்காளிகள், எல்லாரும் வந்து கூடினார்கள்.

குப்புராஜ் எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சு, வெயில், கறிச்சோறு, கிடங்கு, ஸ்பிரிட் பாட்டில். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கூட்டத்தில் ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டான். சின்னபொண்ணு விளக்கை ஆடாமல் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்துவிட்டு, தன் வலது பக்கம் திரும்பினார்.

"வேடியப்பா... நீ வந்தே. நான்தான் நிறுத்தினேன். போலாம்ப்பா."

காற்றில்லை. சீழ் வாடை மெல்லக் குறைந்தது. அதற்குப் பதில் வெயிலில் காய்ந்த சட்டை வாசனை ஒன்று வந்தது. சின்னபொண்ணு கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க. நின்னது போதும்" என்றாள். குப்புராஜிடம் அல்ல.

டக்... டக்... டொக். எல்லாரும் கேட்டார்கள். வாசப்படியைத் தாண்டும்போது தடிச் சத்தம் மண்ணிலிருந்து கல்லுக்கு மாறியதைக்கூடக் கேட்டார்கள். இருட்டுக்குள் பூட்ஸ் ஒன்று கழன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கயிற்றுக் கட்டில் கிறீச் என்று நீளமாக முனகியது... கனத்த உடம்பு ஒன்று படுத்தால் முனகுகிற மாதிரி.

கூட்டம் ஓடியே போய்விட்டது.

குப்புராஜ் அப்பாடா என்று மூச்சு விட்டார். திரும்பிப் போகக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. மற்றக் காலும் வரவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். கல்லில் அடித்த ஆணி. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா தாயே, எல்லாந்தான் சொல்லிவிட்டேனே, என்னையும் ஒரு வார்த்தை போகச் சொல் என்று கும்பிட்டார்.

சின்னபொண்ணு விளக்கைக் கொஞ்சம் தூக்கி, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"உங்கள நிக்கச் சொன்னது நானில்லீங்களே அய்யா" என்றாள். "சொன்னவரு இப்பத்தான் படுத்திருக்காரு. ரொம்ப நாள் தூக்கங்க... நான் எழுப்ப மாட்டேன்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். விளக்கு அணைந்தது.

உள்ளே குறட்டை கேட்க ஆரம்பித்தது.