வராண்டா மூலைத் தூண்

வீடு கட்ட வரும் தன்னார்வலர்களை வீடு முழுக்கப் பரவி நிற்கவைப்பது எப்படி என்று பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. தெற்கு ஜார்ஜியாவில் எங்கள் தேவாலயங்கள் சேர்ந்து ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டித்தரும் மரவீடுகள் அவை. சுவரின் மரச்சட்டங்களைப் பலகையால் மூடுவதற்கு முன், வந்தவர்கள் ஒவ்வொருவரும் மரத்தில் ஒரு வேதவசனம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் நாற்பது பேரும் வாசலையே மொய்ப்பார்கள். பின்னறைகள் வெறுமையாக நிற்கும்.

நான் ஹார்லன் புரூயிட், தளப் பொறுப்பாளர். என் தளத்தில் இதுவரை ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. அதை முதலில் உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

சனிக்கிழமை வேலைக்கு நான் வெள்ளிக்கிழமையே தயாராகிவிடுவேன். ஏணிகளை ஆட்டிப் பார்ப்பேன், முட்டுக்கட்டைகளைத் தட்டிப் பார்ப்பேன். வேலை முடிந்து தன்னார்வலர்கள் போன பிறகு, அவர்கள் வளைத்து அடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு நேராக அடிப்பேன். நேரான ஆணியை மரம் அதன் முழு நீளத்துக்கும் இறுக்குகிறது. வளைந்தது நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே தலை மட்டுமே தெரிவதால் பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

நான் இப்படி ஆணி பிடுங்குவதைத்தான் தன்னார்வலர்களில் ஒருவரான வெண்டெல் டேட்டம் தேவாலயக் கமிட்டியில் போய்ச் சொன்னார். மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், ஊருக்கே செல்லம். தங்கள் வேலையை நான் பிய்த்துப் போடுகிறேன் என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு மனம் கசந்தது. அடுத்த வீட்டிலிருந்து பொறுப்பு வெண்டெலுக்கு என்று முடிவானது. வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு என்னை அழைத்துச் சொன்னதும் அவரே.

"மனசுல வச்சுக்காத ஹார்லன். சனிக்கிழமை ஒரு நா சந்தோஷமா ஆணி அடிக்கலாம்னு வர்றாங்க. நீ பரீட்சை வாத்தியார் மாதிரி பின்னாடியே நின்னா?"

"வளைஞ்ச ஆணி மரத்தைப் பிடிக்காது வெண்டெல்."

"அட, பிடிக்கும்ப்பா. நானே எத்தனை வளைச்சிருக்கேன், எந்த வீடு விழுந்துச்சு?" என்று சிரித்து, தன் பிஸ்கட் ரொட்டியில் பாதியை என் தட்டில் வைத்தார்.

எந்த வீடும் விழாததற்குக் காரணம் நான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் கோபப்படவில்லை. சொல்லிப் புரியாததைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். என்றைக்கோ ஒரு வீடு ஒரு குடும்பத்தின் மேல் விழுவதைவிட, ஒரே ஒரு சிறு விஷயம் ஒருவர் மேல் விழுவது எவ்வளவோ மேல். நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வராண்டாவின் உத்தரம் இரண்டு ஆள் எடை. அதன் ஒரு முனை மூலைத் தூணின் மேல் உட்கார்ந்திருந்தது. மேலே இரும்புப் பட்டை அடிக்கும்வரை தூணைச் சாயாமல் நிறுத்துவது இரண்டு முட்டுக்கட்டைகள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த முட்டுகளின் நேரான ஆணிகளைப் பிடுங்கினேன். போன வாரம் வெண்டெல் அடித்து நான் பிடுங்கி வைத்திருந்த ஆணிகள் டப்பாவில் இருந்தன. அவற்றையே அந்தத் துளைகளில் செருகினேன். பிடிக்கும் என்றவர் அவர்.

மிஞ்சியது ஒரு சிக்கல். தூணில் சாய்வது அவராக மட்டும் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது. அதில் நான் கண்டிப்பானவன். சனிக்கிழமை காலை, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாகப் போகிற லொரெட்டா பேனாவோடு நேராக அந்தத் தூணுக்கே வந்தாள்.

"இங்கயே எழுதிடறேன் மிஸ்டர் ஹார்லன். என் வீடுதானே, எங்க எழுதினா என்ன?"

"உங்க இடம் சமையலறைல இருக்கும்மா, அடுப்புக்குப் பக்கத்துல. போய்ப் பாருங்க."

போனவள் உள்ளேயிருந்து சந்தோஷமாகக் கூவினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

வெண்டெல் எழுதும்போது தோளை மரத்தில் சாய்த்துக்கொள்வார். எழுதுவதும் நீளம். இந்த முறை வசனம் பாதியில் நிற்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். வராண்டாவில் அப்போது வேறு யாருமே இல்லை. மற்றவர்கள் வீடு முழுக்கச் சீராகப் பரவி நின்றார்கள், பின்னறைகளில்கூட. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

வழி எளிதானது. முந்தைய நாளே ஒரு பென்சிலை எடுத்து, சட்டத்துக்கு ஒன்றாக நாற்பது பேருடைய பெயர்களையும் எழுதி வைத்தேன். யாரும் தன் பெயர் இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். மூலைத் தூணில், தோள் உயரத்தில், வெண்டெல் டேட்டம் என்று எழுதினேன்.