ரெண்டு தரம் மிதிச்சா எழும்புற பெடல்

இல்ல தங்கச்சி, கால எடுக்காதீங்க. நான் விடுங்கன்னு சொன்னாத்தான் விடணும். இங்க டயருகிட்ட பிரேக்குல காத்து எடுக்குற நிப்பிள் தொறந்திருக்கு. இப்ப கால எடுத்தீங்கன்னா வெளியில போன காத்தெல்லாம் திரும்ப உள்ளுக்கு இழுத்துக்கும். ம், இறுக்கிட்டேன். இப்ப விடுங்க. மெதுவா மிதிங்க. இன்னொருக்கா. அப்பிடியே புடிச்சிக்கங்க.

பொம்பள கராஜ் பாக்குறத நீங்க இப்பதான் பாக்குறீங்கன்னு மூஞ்சிலயே தெரியுது. பரவாயில்ல, உக்குவளையில எல்லாருக்கும் பழகிட்டு. இது எங்கட வாப்பாட கராஜ். வாப்பா மௌத்தான பொறகு எங்கட மனுசன் பாத்தாரு. பிரேக்குல எயார் எடுக்க எப்பவும் ரெண்டு பேர் வேணுமே, ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் தொறக்க. நீங்க இப்ப இருக்குற சீட்டுல அப்ப நான் இருந்தேன். கல்யாணம் முடிச்ச மறு கெழமையே ஏத்தி வெச்சி, மிதி, புடி, விடுன்னாரு. அவரு வெளிநாட்டு வேலைக்கு கட்டாருக்குப் போன பொறகு நான் கீழ எறங்கிட்டேன். ஊருல கொஞ்சம் பேசினாங்கதான். பேசினவங்கட வாகனமும் இங்கதான் வருது.

என்ன கேட்டீங்க? ரெண்டு தரம் மிதிச்சா பெடல் மேல வருதே, அப்ப நல்லம்தானேன்னா? அப்பிடி யாரு சொன்னது? ஒங்கட மனுசனா. ம். இல்ல தங்கச்சி, ஒயில் அமுங்காது, காத்துதான் அமுங்கும். லைனுக்குள்ள காத்து இருந்தா முதல் மிதி அந்தக் காத்த அமத்துறதோட சரி. ரெண்டாவது மிதிக்குத்தான் பிரேக் புடிக்கும். இப்ப வரக்குள்ள ரயில் கேட்டுக்கிட்ட பிரேக் புடிக்கல்லன்னீங்களே, அங்க ஒங்களுக்கு ரெண்டாவது மிதிக்கு நேரம் இருந்திச்சி, அல்லாஹ் காப்பாத்தினான். கண்டி றோட்டு வளைவுல அந்த நேரம் கெடைக்குமா? பின் சீட்டுல ஒங்கட மக வேற தூங்குறா.

தம்புள்ளயில இருந்து வார வழிக்கு பெடல் எறங்குதுன்னு தெரிஞ்ச ஒடனே நிப்பாட்டியிருக்கலாமே. ஆ? உக்குவளையில மட்டும் எந்தக் கராஜுக்கும் போக வேணான்னு சொன்னாரா? ஏனாம்? சரி, மனுசன்மாருக்கு ஒவ்வொரு புத்தி. விடுங்க. மிதிங்க.

இந்தப் பின் டயருலதான் கோளாறு. இந்தா, எட்டிப் பாருங்க, கழட்டின பழைய நிப்பிள்ல என்ன இருந்திச்சின்னு. தண்ணி பைப்புக்குச் சுத்துற வெள்ள டேப். கசியுதுன்னு சுத்தியிருக்கு. நிப்பிள் நுனி போய் ஒக்காந்துதான் அடைக்கும், புரியில டேப் சுத்தி ஒண்ணும் நடக்காது. அதுலயும் எதிர்ப் பக்கமா சுத்தியிருக்கு. இறுக்க இறுக்க டேப் உரிஞ்சி நுனியில சிக்கிட்டு, ஒயில் போகுது, காத்து ஏறுது. இப்பிடி இடக்கைக்காரங்கதான் சுத்துவாங்க. எங்கட மனுசனும் இடக்கைதான். இதே டேப், இதே பக்கம். வாப்பா இருக்கக்குள்ள எத்தன தரம் ஏசினாரு, திருந்தவே இல்ல.

போன கெழம ஒங்கட மனுசன் வீட்டுலயே செஞ்சாரா. அவரும் இடக்கையா? சரி சரி. உலகத்துல எத்தனையோ பேர் இருக்காங்க. புடிச்சிக்கங்க.

எங்கட மனுசனா? வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சி போன் எடுப்பாரு. வீடியோ வேணாம்பாரு, கேம்ப்ல சிக்னல் இல்லியாம். ஒரு நாள் பேசிக்கிட்டு இருக்கக்குள்ள பின்னால பாண்காரன்ட த்ரீவீல் பாட்டு கேட்டிச்சி. அதே பாட்டு, நம்ம ஊருத் தெருவுல பாணும் பணிஸும் விக்க வருமே, அதுதான். கட்டாருல ஏது பாண்காரன்னு கேட்டேன். கூட இருக்குற பொடியன்ட ரிங்டோன்னாரு. நானும் சிரிச்சேன், பாருங்களேன்.

ஒங்கட போன் அடிக்குது. இல்ல, நீங்க எழும்ப வேணாம், நிப்பிள் தொறந்திருக்கு. சார்ஜுக்குப் போட்டீங்களே, இங்க என் பக்கத்துலதான் இருக்கு. யாருன்னு நான் பாத்துச் சொல்றேன். படம் வருது.

அடிக்கிறது நின்னுட்டு.

இல்ல, ஒண்ணுமில்ல. புடிச்சிக்கங்க. இன்னும் கொஞ்சம். கால் நோகுதா? எனக்குத் தெரியும், நோகும். கொஞ்சம் இருங்க தங்கச்சி.

இறுக்கிட்டேன். விடுங்க.

இப்ப ஒரே ஒரு தரம் மிதிச்சிப் பாருங்க. கல்லு மாதிரி நிக்குதா? ஆ, அதுதான் பிரேக். புது நிப்பிள் போட்டிருக்கேன், ஒயிலும் நெறச்சிட்டேன். இனி பயமில்லாம புள்ளயக் கூட்டிக்கிட்டு போங்க.

ஒண்ணு சொல்லிடுறேன், மனசுல வெச்சிக்கிட்டு இருக்க ஏலாது. போன் அடிச்ச நேரம் ஸ்பெனர் என் கையில இருந்திச்சி. நிப்பிள இறுக்காம ஒங்கள அனுப்பிவிட எனக்குத் தெரியாதா? ஆனா ஒங்க மேல எனக்கு என்ன கோவம்? ரெண்டு தரம் மிதி, சரியாகும்னு ஒங்களுக்கும் அதேதானே சொல்லியிருக்காரு. நானும் மிதிச்சேன். வீடியோ வேணான்னதுக்கு ஒருக்கா, பாண்காரன் பாட்டுக்கு ஒருக்கா. ஒவ்வொரு தரமும் பெடல் எழும்பத்தான் செஞ்சிச்சி.

இந்தா, திரும்ப அடிக்குது. எடுத்துப் பேசுங்க. எங்க நிக்கிறன்னு கேப்பாரு. என்ட பேரச் சொல்லி, உக்குவளையில, ஆஸியாட கராஜ்லன்னு சொல்லுங்க. படத்துல போட்டிருக்காரே நீலச் சட்ட, அது கட்டாருக்குப் போகக்குள்ள நான் மடிச்சி பேக்குல வெச்சது. வேற ஒண்ணும் சொல்லத் தேவல்ல. வழி அவருக்குத் தெரியும்.