வழியாத பெயின்ற்

ஐரிஸ்: மெல்ல... மெல்ல. அந்தக் கையை ஏன் அவ்வளவுக்கு உசத்துறியள்?

இராசசிங்கம்: உசத்தாமல் சீலிங்குக்குக் கீழை எப்பிடி அடிக்கிறது? சுவர் குனிஞ்சு தருமோ?

ஐரிஸ்: நோகுதெண்டால் இறங்குங்கோ. ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்.

இராசசிங்கம்: கண்டிசன் போட்டது நீ. இந்தச் சுவரைக் கை மாத்தாமல் அடிச்சு முடிச்சால் திங்கக்கிழமை ஜெனிஸ் பாஸோடை நெல்லியடிக்குப் பெயின்ற் வேலைக்குப் போகலாம். இல்லாட்டி உன்ரை தம்பியின்ரை கடையிலை இருந்து வெங்காயம் நிறுக்கவேணும்.

ஐரிஸ்: ஓம், சொன்னனான்தான். ஏணியாலை விழுந்து கையை முறிச்சது நானோ? உள்ளுக்கை கம்பி வைச்ச கை.

இராசசிங்கம்: கம்பி வைச்சால் பலம் கூடத்தான். நாங்கள் தூணுக்குக் கம்பி வைக்கிறேல்லையே?

ரேச்சல்: அப்பா, டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை.

இராசசிங்கம்: நீ கொம்மாவின்ரை கட்சியோ, என்ரை கட்சியோ? வாளியைக் கிட்டத் தள்ளி விடு பிள்ளை.

ரேச்சல்: இஞ்சை பாருங்கோ... பிறஷ் குத்தினபடியே நிக்குது. சரியேல்லை.

இராசசிங்கம்: நல்ல பெயின்ற் அப்பிடித்தான் நிக்கும். சட்டித் தயிர் மாதிரி.

ஐரிஸ்: என்னது... நிக்குதோ?

ரேச்சல்: வந்து பாருங்கோவன் அம்மா.

ஐரிஸ்: ...ஓம். நிக்குதுதான்.

இராசசிங்கம்: ஏன் செத்த வீட்டிலை சொல்லுற மாதிரிச் சொல்லுறாய்?

ஐரிஸ்: ஒண்டுமில்லை. கீழ் மூலையிலை வழியுதோ எண்டு பார்த்தனான்.

இராசசிங்கம்: காலமை தொடங்கி உந்த மூலையைத்தான் பார்க்கிறாய். வழிஞ்சால் உனக்குச் சந்தோசமோ?

ஐரிஸ்: வாயைப் பார். வேலையைச் செய்யுங்கோ.

ரேச்சல்: அம்மா, தடியாலை சுத்திப் பாருங்கோ. சுத்தேக்கை இளகுது. விட்டால் திரும்பவும் இறுகுது. இதைத்தான் எங்களுக்குக் கம்பஸ் வகுப்பிலை படிப்பிச்சவை.

இராசசிங்கம்: பெயின்ற் அடிக்கப் படிக்கவோ உன்னைக் கம்பசுக்கு அனுப்பினனான்? என்னட்டை வந்திருந்தால் பஸ் காசு மிச்சம்.

ரேச்சல்: அடிக்கிறதை இல்லையப்பா. இது ஏன் ஓடுது, ஏன் நிக்குது எண்டு. இதுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத உருண்டையள் இருக்குது, தண்ணியிலை. கல்லு மாதிரி இல்லை, மெத்தெண்டது. ஒண்டையொண்டு நெருக்கிக்கொண்டு நிக்கிறபடியாலை அசையாது. பிறஷாலை தள்ளினால் நசிஞ்சு நெளிஞ்சு வழி விடும்.

இராசசிங்கம்: சல்லிக்கல்லு நசியாது. தள்ளினால் அள்ளுற சவல்தான் வளையும்.

ரேச்சல்: அதுதான் வித்தியாசம். பிறஷ் போனவுடனை இது திரும்பவும் நெருக்கி நிண்டிடும். அதாலைதான் சுவரிலை வழியிறதில்லை.

இராசசிங்கம்: விளங்குது. நல்லூர்த் திருவிழாச் சனம் மாதிரி. ஒருத்தரும் அசையாயினம். கச்சான்கடலை வண்டில் தள்ளிக்கொண்டு வந்தால் வயித்தை எக்கி வழி விடுவினம். வண்டில் போனாப்பிறகு பழையபடி நெரிசல்.

ஐரிஸ்: வேதக்காரருக்கு நல்லூரிலை என்ன வேலை?

இராசசிங்கம்: கச்சானுக்குச் சமயமில்லை.

ஐரிஸ்: ...பிள்ளை, அப்ப தண்ணி கூடினால்?

ரேச்சல்: இடைவெளி கூடும். நெருக்கம் போயிடும். பிறகு பிடிச்சு வைக்க ஒண்டுமில்லை, சுவரிலை கோடு கோடாய் வழியும்.

ஐரிஸ்: கொஞ்சம் கூடினாலுமோ? ரெண்டு மூண்டு செம்பு...

ரேச்சல்: இந்த வாளிக்கு அவ்வளவு விட்டால் பிறஷ் நிக்கவே நிக்காது. ஏன் கேக்கிறியள்?

ஐரிஸ்: சும்மா. அறிவுக்கு.

இராசசிங்கம்: கொம்மாவுக்கு இண்டைக்கு அறிவுப் பசி. ஏணியைப் பிடி பிள்ளை, மேல் மூலைதான் மிச்சம்.

ஐரிஸ்: விடு, நான் பிடிக்கிறன்... உங்களுக்குக் கை நடுங்குது.

இராசசிங்கம்: நடுங்கும்தானே. தடிச்ச பெயின்ற், இழுக்கக் கனக்கும். கையைப் பார்க்காதை, கரையைப் பார்.

ஐரிஸ்: ...கரை நேராய்த்தான் போகுது.

இராசசிங்கம்: பிறகென்ன... இந்தா. முடிஞ்சுது. கை மாத்தேல்லை. ரேச்சல் சாட்சி.

ரேச்சல்: நான் சாட்சி.

இராசசிங்கம்: திங்கக்கிழமை சோத்துப் பார்சல் கட்டவேணும். முட்டைப் பொரியலும் வை. என்ன, முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டு நிக்கிறாய்?

ஐரிஸ்: முதல்லை ஏணியாலை இறங்குங்கோ. பிறகு சொல்லுறன்.

இராசசிங்கம்: இறங்கிட்டன். சொல்லு.

ஐரிஸ்: பிள்ளை சொன்னதைக் கேட்டாப்பிறகு வைச்சுக்கொண்டிருக்கேலாது. விடிய எழும்பி உங்கடை வாளிக்கை நான் தண்ணி விட்டனான். மூண்டு செம்பு, கூடவும் இருக்கும்.

ரேச்சல்: அம்மா...

ஐரிஸ்: இளகினால் கைக்குச் சுகம், எப்பிடியும் முடிச்சிடுவார் எண்டு நினைச்சன். இவ்வளவு மாசமாய் வீட்டிலை இருந்து கோழியளோடை சண்டை பிடிக்கிற மனிசனைப் பார்த்துக்கொண்டிருக்கேலாது. ஜெனிஸ் பாஸிட்டையும் சொல்லி வைச்சிருக்கிறன், முதல் கிழமை இவருக்கு ஏணி குடுக்காதேங்கோ, கீழ்ச்சுவர் மட்டும் குடுங்கோ எண்டு. அவரும் ஓமெண்டவர்.

ரேச்சல்: ஆனால் அம்மா, அவ்வளவு தண்ணி விட்டால் இது வழிஞ்சிருக்கவேணும். ஒரு கோடும் இல்லையே.

ஐரிஸ்: அதுதான் எனக்கும் விளங்கேல்லை. காலமை தொடங்கி மூலையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தும் நோகுது.

இராசசிங்கம்: நீ தண்ணி விடேக்கை நானும் முழிச்சுத்தான் கிடந்தனான், ஐரிஸ். உன்ரை வாளி குசினிக்குப் பின்னாலை மூடி இருக்குது. இது நீ தேத்தண்ணி வைக்கேக்கை நான் உடைச்ச புது வாளி, ஒரு சொட்டுத் தண்ணியும் விடேல்லை. இந்தக் கை சரியோ இல்லையோ எண்டு எனக்கும் தெரியவேணுமல்லே.