ஆந்தை ஓடைக் கல்லில் யார் பெயர்?

அவைத்தலைவர், நகரத் தந்தை ஹால்வர்ட் பைக் அவர்களே! பனியோடும் பசியோடும் பழகிப் பழகிப் பயம் மறந்த பெரியோர்களே! புளித்த மாவை உறையவிடாமல் உடலோடு அணைத்துக் காத்து, நெடுங்குளிரில் எங்களுக்கு ரொட்டி தந்த தாய்மார்களே! உளியோடு காத்திருக்கும் சிற்பி ட்ரெம்ப்ளே அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆந்தை ஓடையில் முதன்முதல் தங்கம் கண்ட முன்னோடி யார்? அந்த ஒற்றைப் பெயரை இந்த மேடையில் நான் சொல்ல வேண்டும். சொன்னதும் சிற்பி அதை நினைவுக் கல்லில் செதுக்க வேண்டும். இது விழாக்குழுவின் கட்டளை. வரலாறு கற்பிப்பவள், அதனால் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். லிண்டால், மக்ரே, ப்ரூயட் என்று மூன்று குடும்பத்தார் மூன்று வரிசையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது சிரிப்பல்ல.

முதலில் என்ற சொல்லே என்னைக் குழப்புகிறது. யூகான் நதியில் சால்மன் மீன் பிடித்த ஹான் பழங்குடி மக்கள் அந்த மஞ்சள் மணலை மிதித்தே நடந்திருப்பார்கள். அவர்களை யார் கேட்டது? சரி, ஊர் யாரைக் கேட்டதோ அவர்களிடமே வருவோம்.

ஆஸ்கர் லிண்டால் ஓடை மணலைத் தட்டில் அள்ளி அலசினார். தட்டின் ஓரத்தில் தங்கம் தங்கியது. நின்ற நிலையிலேயே காய்ந்துபோன தேவதாரு மரம் ஒன்றை வெட்டி, பட்டை சீவி, பென்சிலால் பெயர் எழுதி, வழிப்போக்கர் குடிலின் பின்புறம் உரிமைக் கம்பமாக நட்டார். பதிவு அலுவலகம் இருந்த டாசன் நகருக்கு நடந்தார். பதியும்வரை கம்பம் நின்றால்தான் நிலம் அவருடையது. அது அன்றைய சட்டம்.

அந்தக் குடிலுக்கும் ஒரு சட்டம் இருந்தது. கதவுக்குப் பூட்டு இல்லை. யாரும் நுழையலாம், தீ மூட்டலாம், தூங்கலாம். ஆனால் புறப்படும்முன் அடுத்தவனுக்காக அடுப்பில் காய்ந்த சுள்ளி அடுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். விரல் விறைத்து வருகிறவனால் கோடரி பிடிக்க முடியுமா? தீக்குச்சி உரசுவதே பெரிது.

பனிப்புயலில் அங்கே ஒதுங்கினார் டங்கன் மக்ரே. புயல் ஓய்ந்ததும் சுள்ளி தேடினார். எல்லா மரத்திலும் ஈரம், எல்லாக் கிளையிலும் பனிக்கட்டி. குடிலின் பின்னே பனி மூடிய ஒரு காய்ந்த கட்டை. பிடுங்கினார், பிளந்தார், அடுக்கினார், கடமை முடிந்ததென்று நிம்மதியாகப் போனார். பிறகு அவ்வழி வந்தார் ப்ரூயட் என்பவர். தட்டில் தங்கம் கண்டார், கம்பம் எதையும் காணவில்லை. தன் கம்பத்தை நட்டுவிட்டு டாசனுக்கு ஓடினார்.

லிண்டாலோ வழியில் புயலுக்கு ஒதுங்கிக் கிடந்துவிட்டு, மறுபடி நடந்தபோது ஆற்றுப் பனி உடைந்து இடுப்பளவு நனைந்தார். டாசன் தொலைவு, குடில் கிட்டே. நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு குச்சி உரசினார். உயிர் பிழைத்தார். உடை உலர்ந்து வெளியே வந்து பார்த்தால், தன் கம்பம் நின்ற இடத்தில் ஒரு குழி. அருகே ப்ரூயட்டின் கம்பம்.

சுரங்கக்காரர் கூட்டம் கூடியது. கை தூக்கித் தீர்ப்புச் சொல்லும் கூட்டம். யாரும் கேட்காமலே மக்ரே எழுந்தார்.

"ஆஸ்கரு, நான்தான்யா பொளந்தேன். பனி மூடிக் கெடந்துச்சு, எழுத்து கண்ணுல படல."

"காஞ்ச கட்டதான?" என்றார் லிண்டால்.

"நல்லா காஞ்சது."

"ஆமா. ஒரே குச்சியில புடிச்சிக்கிச்சு. எம் பேர நானே எரிச்சுக் குளிர் காஞ்சிருக்கேன்."

அடுத்த தடவை இரும்பில் எழுது என்று பின்னாலிருந்து ஒருவர் கிண்டல் செய்தாராம். தான் பார்த்தபோது கம்பமே இல்லையே, தன்மேல் என்ன தப்பு என்றார் ப்ரூயட். அதுவும் உண்மைதானே? கைகள் உயர்ந்தன, தாழ்ந்தன, மறுபடி உயர்ந்தன. கடைசியில் நிலம் ப்ரூயட்டுக்கு.

கண்டவர் லிண்டால். பதிந்தவர் ப்ரூயட். கண்டவரைக் கெடுத்தவர் மக்ரே. கண்டவரைக் காத்தவரும் மக்ரே! அவர் கடமை தவறியிருந்தால் கம்பம் நின்றிருக்கும். லிண்டால் நின்றிருக்க மாட்டார். இதில் யாரைச் செதுக்குவது? யாரை விடுவது?

இரண்டாம் வரிசையில் லிண்டாலின் பேத்தி கை தூக்குகிறார். சொல்லுங்கள், கிரேட்டா அம்மா.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தாத்தா பேரு கல்லுல வரணும்னுதான் இத்தன வருசமா சண்ட போட்டேன், டீச்சர். அது கெடக்கட்டும். அந்தக் குடில் அடுப்புல இன்னிக்குச் சுள்ளி இருக்கா?"

தலைவர் அவர்களே, என்னை ஏன் பார்க்கிறீர்கள்? பழம்பெருமையைப் பாதுகாக்கிறோம் என்று அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டது உங்கள் விழாக்குழு அல்லவா? கண்ணி வைக்கப் போகிறவர்கள் இன்றும் அந்த ஓடை வழியாகத்தான் நடக்கிறார்கள். நேற்றே பனி விழத் தொடங்கிவிட்டது. ஈரக்காலோடு ஒருவன் வந்து கதவைத் தள்ளினால், யார் பெயரைச் செதுக்கினோம் என்பது அவனுக்கு என்ன சூடு தரும்?

முன்னோடி யார்? குழப்பத்தோடு மேடை ஏறினேன், குழப்பத்தோடுதான் இறங்குகிறேன். சிற்பி அவர்களே, உளி இன்னொரு நாள் காத்திருக்கட்டும். தலைவர் அவர்களே, சாவி உங்கள் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, கொடுங்கள். கிரேட்டா அம்மா, உங்கள் வண்டியில் கோடரி உண்டு என்று எனக்குத் தெரியும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. நான் இப்படியே ஓடைக்குப் போகிறேன். மூன்று வரிசையிலிருந்தும் வருகிறவர்கள் வரலாம். வணக்கம்.