தொரையின் இரட்டைப் படகு

லுணுகலையிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு தோட்டத்துத் தச்சரும் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம தோட்டத்துத் தொரைக்குப் பந்தயப் படகு செஞ்சு குடுத்தேன்க்கா. ரெண்டு படகை சட்டம் போட்டு இணைச்சு, நடுவுல பெரிய பாய்.”

“எதுக்கு ரெண்டு?”

“காத்து புடிச்சா ஒண்ணு தண்ணிய விட்டு எழும்பணுமாம். அப்பதான் வேகமாம்.”

“எழும்புச்சா?”

“தோட்டத்துக் குளத்துல ஓட்டிப் பாத்தாரு. நல்லா எழும்புச்சு. பாய இளக்கி விடுங்கன்னு கத்துனேன். ‘எனக்குத் தெரியும்’னாரு. அப்படியே சாஞ்சு கவுந்துருச்சு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“நான்தான் குதிச்சு அவரக் கரைக்கு இழுத்தேன். ஏறுனதும் பலகை சரியில்லன்னு என்னையே ஏசுறாரு.”

“எந்தப் பலகை?”

“ஒங்க லயத்து வீட்டுக் கூரைக்குன்னு வந்துச்சே, அதுதான்.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்ப அவர ஏன் இழுத்த?”