எர்த் குழிக்கு ஒதுக்கிய தொகை

காவல் ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. அலுவலக அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால், ஏசிக்கு நேர் கீழே, முதலாளி மணியன். எதிரே அவருடைய ஒரே மகன் தரணீதரன், மடியில் லேப்டாப். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் எலக்ட்ரீசியன் லிங்கசாமி. ஜன்னல் பக்கம் கால்குலேட்டரோடு நான், மண்ணரையிலுள்ள அந்த நிட்டிங் கம்பெனியின் மேனேஜர் ராஜவேல். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை.

தரணி தம்பி சென்னையில் ஒலிப்பதிவு படித்தவர். கம்பெனிக்குப் பின்னாலுள்ள பழைய நூல் குடோனில் மாஸ்டரிங் ஸ்டுடியோ வைக்க ஆசைப்பட்டார். பாட்டைப் பதிந்து முடித்த பிறகு, வெளியே விடும் முன் கடைசியாக ஒருவர் கேட்டுக் குறை நீக்கித் தருவதுதான் மாஸ்டரிங். பனியனுக்கு நம் செக்கிங் டேபிள் மாதிரி என்று எனக்கு விளக்கினார். முதலாளி ஒரு தொகை சொன்னார். அதற்குள் பட்ஜெட் போடுவது என் பொறுப்பு.

ஸ்பீக்கர் விலையைப் பார்த்ததும் முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏஞ்சாமி, ரெண்டு பொட்டி ஒரு நிட்டிங் மெஷின் வெலையா?"

"மெஷின் சத்தம் போடுமுங்கப்பா. இது சத்தத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு காட்டும்."

"சத்தமே கேக்காத ரூமுங்களா?" என்றார் லிங்கசாமி. "அப்படின்னா மொதல்ல என்ற ஊட்டுக்காரிய ஒரு நாள் உள்ள உக்கார வைங்க தம்பி. புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தோம். முதல் வேலை யாருடைய பாட்டு என்று முதலாளி கேட்டார்.

"பாட்டு இல்லீங்கப்பா. அன்பு கடைசியா அனுப்புன வாய்ஸ் மெசேஜ். மெஷின் சத்தத்தக் கழிச்சுட்டா, பின்னால யாரோ பேசறது கேக்கும்."

"போலீஸே கேட்டுட்டு ஒண்ணுமில்லீன்னுட்டாங்களே கண்ணு."

"அவுங்க போன்ல கேட்டாங்க. வேற ஸ்டுடியோவுக்கும் நான் குடுக்கமாட்டேனுங்க. அது எனக்குன்னு பேசுனது."

அன்பு என்பது அன்புசெல்வி. எங்கள் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த பெண். போன வருஷம் சரக்கு லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தாள். விபத்து என்று முடிந்த வழக்கு. உங்களுக்கு முன்பு இருந்தவர் என்னையும் விசாரித்தார். பார்க்கவில்லை என்றேன்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். ஸ்பீக்கரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் பார்த்தேன், தம்பி விடவில்லை. சுவரை அடைக்க விலைகூடிய பலகை வேண்டாம், பனியன் வேஸ்ட் போதும் என்றேன், ஒத்துக்கொண்டார். சோபாவை விட்டுக்கொடுத்தார். ஒலியைத் திருத்தும் இரும்புப் பெட்டி ஒன்றைக் கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிக்கொண்டார். ஆனால் காதுக்கு வேண்டிய எதையும் விடவில்லை. அந்தக் குரலை அவர் கேட்டே தீருவார் என்று அப்போது புரிந்தது.

அது என் குரல்.

தம்பியும் அன்புசெல்வியும் பதிவுத் திருமணத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்கிற ஆள் நான் இல்லை. அன்புசெல்வி கழுத்தில் இயர்போனோடு தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டே, கண்ணை மறைக்கும் உயரத்துக்குப் பனியன் பீஸ்களின் கட்டைச் சுமந்து வந்தாள். லிஃப்ட் கேட்டைத் திறந்து பிடித்தேன். "வா கண்ணு, லிஃப்ட் வந்திருச்சு" என்றேன். லிஃப்ட் கீழே இருந்தது. கட்டுக்கு அடியில் பிடித்திருந்த போனில் மெசேஜை அனுப்பிவிட்டு, "தேங்ஸுங்கண்ணா" என்றாள். மரியாதை தெரிந்த பெண்.

ஸ்டுடியோ கட்டி முடிந்ததும் பில்லைச் சரிபார்க்க உள்ளே போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெஷின் இரைச்சலிலேயே காலம் போனவன் நான். அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. என் மூச்சு எனக்குப் பின்னால் வேறொருவர் விடுவது போலிருந்தது. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அதற்கும் அடியில், மிக மெதுவாக, "தேங்ஸுங்கண்ணா." கதவின் கைப்பிடி வழுக்கியது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

இரும்புப் பெட்டியை லிங்கசாமி தன் பட்டறையில் வைத்துச் சோதித்திருந்தார். "இதோட பாடியில கரண்ட் கசியுதுங்க. தனி எர்த் குழி எடுத்தே ஆகோணும். கரி, உப்பு, செம்புத் தகடு, எல்லாம் போட்டு. இல்லாட்டித் தொட்ட ஆளு காலிங்க."

நான் எர்த் குழிக்குத் தொகை ஒதுக்கி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். ஷாக் அடித்தால் தானாகக் கட்டாகும் சுவிட்சுக்கும் ஒதுக்கினேன். இரண்டு தொகையிலும் ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டு வாங்கினேன். லிங்கசாமியை வெள்ளகோவில் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஆள் வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னேன். குடோனுக்கு வெளியே தரையில் ஒரு சிமென்ட் மூடி பதிக்க வைத்தேன். அதன் கீழே மண் மட்டும்தான்.

"எர்த் போட்டாச்சுங்களா மாமா?" என்று தம்பி கேட்டார்.

"போட்டாச்சு தம்பி."

மூடியைப் பார்த்துத் திருப்தியானார். "நீங்க இல்லாட்டி இந்த ஸ்டுடியோவே இல்லீங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாளைக் காலை பூஜை. நல்ல நேரம் வரும்வரை எதையும் ஓடவிட முதலாளி சம்மதிக்கவில்லை. ஆகவே அந்த அறையில் இதுவரை எந்தக் கருவிக்கும் கரண்ட் கொடுக்கவில்லை. தரையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவவும், செருப்பில்லாமல் உள்ளே போகவும் நான்தான் ஏற்பாடு. தம்பி முதலில் பிடிப்பது அந்தப் பெட்டியின் குமிழ்களைத்தான்.

அவர் அந்தக் குரலைக் கேட்டால், அப்பா சொல்லித்தான் நான் செய்தேன் என்று நினைப்பார். அப்பாவும் மகனும் பிரிவதை என்னால் பார்க்க முடியாது. இருந்தாலும் அது ஒரு உயிர். அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் முன்கூட்டியே எழுதுகிறேன். இனி முடிவு உங்கள் கையில். போன் செய்திருக்கலாம். ஆனால் என் குரல் இன்னொரு இடத்தில் பதிவாவதை நான் விரும்பவில்லை.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். தபால் பெட்டியைத் திறந்து இன்றைய தபாலை எடுத்துப் போய்விட்டார்கள். உறையின் மேல் விலாசத்தைப் பார்த்துக் கவுன்டரில் இருந்த பெண் சிரித்தார்.

"ஏனுங்க, ஸ்டேஷன் எதுத்தாப்லயே இருக்குது, நேர்ல குடுத்துட்டுப் போகலாமுங்களே?"

"முறைப்படி போகட்டுமுங்க."

"அப்ப ஸ்பீட் போஸ்ட் போடட்டுங்களா? காலைல மொதல் தபால்லயே போயிரும்."

"அவ்வளவு அவசரமில்லீங்க" என்று சொல்லி, சாதாரண ஸ்டாம்பு வாங்கி ஒட்டினேன். இதை மடித்து உள்ளே வைத்துப் பசை தடவிப் பெட்டியில் போடப் போகிறேன். தம்பியைக் காப்பாற்ற என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன் என்பதை, ஐயா அவர்கள் வழக்கில் எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ராஜவேல்